கம்பத்திலிருந்து இறங்குகிறவரை

முருகவேலின் கையிலிருந்த செல்போனை எல்லம்மாள் வெடுக்கென்று பிடுங்கினாள். இருபத்திரண்டு வருஷமாக மாப்பிள்ளை எதிரில் உட்காரக்கூட யோசித்தவள், அவன் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லாதவள், கையிலிருந்ததைப் பிடுங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இத எடுத்துடுங்க மாப்ள. இப்பவே."

போனில் அவள் புருஷன் கஜபதி மாலையும் கழுத்துமாக இருந்தார். இரண்டு பக்கமும் விளக்கு. மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே, மீளாத் துயரில் வாடும் மகன் பரணிதரன், மின்வாரியம் என்று ஆரம்பித்து மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக. கஜபதியின் உயிர் போய் இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. கூடத்தில் வடக்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள், தாடைக்குத் துணிகூடக் கட்டவில்லை. அதற்குள் பள்ளிப்பட்டிலிருக்கும் தெரிந்த போட்டோக் கடைக்குச் சொல்லி, பழைய போட்டோவை அனுப்பி, மாலை போட்டு வாங்கி, ஸ்டேட்டஸும் வைத்துவிட்டான் முருகவேல். சும்மா சொல்லக் கூடாது, காரியம் என்றால் அவனைப் போல ஓடியாடுகிறவன் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனால் எந்தக் காரியத்தை எப்போது செய்வது என்பதுதான் அவனுக்கு எப்போதும் பிடிபடாது.

"ஸ்டேட்டஸ்தானே அத்த? சொந்தக்காரங்களுக்குத் தெரியணும்ல?"

"யாருக்கு வேணா தெரியட்டும். எம்புள்ளைக்குத் தெரியக் கூடாது."

அவன் விழித்தான். அழுதுகொண்டிருந்த நிர்மலா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மருமகள் சுஜாதா போனை வாங்கி, ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். முப்பத்தொரு பேர். அதில் பரணிதரன் பெயர் இல்லை. அழித்தாள். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவருக்கு எப்ப அத்த சொல்லப் போறோம்?"

"அவன் கீழ எறங்கினப்புறம்."

பரணிதரன் மின்வாரியத்தில் வயர்மேன். புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையே டிவியில் சொல்லிவிட்டார்கள். எங்கே புயலோ அங்கே வெளி மாவட்டத்து ஆட்களை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அப்படித்தான் திருத்தணியிலிருந்தும் பன்னிரண்டு பேரைக் கயிறு, ஏணி, கம்பிச் சுருளோடு லாரியில் ஏற்றினார்கள். கிளம்புகிற அன்றைக்குப் பரணி அப்பாவின் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பக்கவாதம் வந்து நான்கு மாசமாகப் படுத்திருந்தவர், இடது கையால் மகனின் முழங்காலைத் தட்டி, "போ, போ" என்றார். அதே மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக ரிடையர் ஆனவர். புயல் டூட்டிக்குப் போகாதே என்று அவர் வாயிலிருந்து வருமா?

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்த போன்தான் கடைசி. "காத்து ஆரம்பிச்சிட்ச்சிம்மா, ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வெச்சிகிறாங்க, கவலப்படாத" என்றான். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. திருத்தணியிலேயே மரங்கள் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. லைனைச் சரிபண்ணுகிறவர்களில் பாதிப்பேர் கடற்கரையில் நிற்க, ஈ.பி.காரர் வீட்டிலேயே மெழுகுவத்தி. கரண்ட் போகிறவரை கஜபதி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விடிகாலை ஐந்தரைக்கு எல்லம்மாளைக் கூப்பிட்டார்.

"கரைய கடந்துட்ச்சா?"

"ஆங். கடந்துட்ச்சி."

"பையன் பேசினானா?"

"பேசுவான். டவரு இல்ல."

சரியென்று தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டார். அவள் டம்ளரோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எல்லம்மாள் இன்னும் அழவில்லை. புருஷன் போய்விட்டார் என்பது கண்ணெதிரே இருந்தது. மகன் இருக்கிறானா என்பது தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டும் போய்விட்டால்? அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சுஜாதா அங்கேயே விழுந்துவிடுவாள்.

எட்டு மணிக்கு மேல் தெரு நிறைய ஆட்கள். மழை தூறிக்கொண்டே இருந்ததால் வாசலில் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். முருகவேல் ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, அது வந்தும் இறங்கிவிட்டது. ஆனால் பெட்டியை எதில் சொருகுவது? ஜெனரேட்டருக்கு அரக்கோணம் வரை போன் போட்டுப் பார்த்தான். புயலுக்குப் பயந்து எல்லாரும் முந்தின நாளே வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். ஐஸ் பெட்டி சும்மா ஓர் ஓரமாக நின்றது, மேலே யாரோ குடையை வைத்தார்கள்.

கஜபதியின் தம்பி குமரேசன் வேலஞ்சேரியிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பரணிக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல" என்றாள் எல்லம்மாள்.

"ஏன்? போன் போவலன்னா அங்க ஆபீசருக்குச் சொல்லு அண்ணி. போலீசுக்குச் சொல்லு. வயர்லெஸ்ல சொல்லிடுவாங்க. எப்டியாவது ஒரு வண்டி புட்ச்சி நாளைக்குக் காலைல வந்துடுவான். அதுவரைக்கும் ஐஸ் கட்டி வாங்கியாந்து சுத்தி அடுக்கினா தாங்கும்."

"சொல்லக் கூடாது குமரேசா."

"கொள்ளி யாரு வெக்கிறது? பெத்த மகன் உயிரோட இருக்கச் சொல்ல…"

"உயிரோட இருக்கணும்னுதான் சொல்லக் கூடாதுன்றேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசினால் எல்லம்மாளிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நிர்மலாவுக்கு அது சின்ன வயசிலிருந்தே தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளும் பேசினாள்.

"ம்மா, நைனா மொகத்தக்கூட அவன் பாக்க வேணாமா? நாளைக்கு வந்து ஏன்டி சொல்லலன்னு என்னக் கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

"துரைக்கண்ணு கதைய மறந்துட்டியா?" என்றாள் எல்லம்மாள்.

நிர்மலா மறக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் மறந்ததில்லை. சுஜாதாவுக்கும் கல்யாணமாகி வந்த மாசமே சொல்லியாகிவிட்டது. முருகவேலுக்குத்தான் தெரியாது.

துரைக்கண்ணு கஜபதியோடு வேலை பார்த்தவர். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவர் பெண்டாட்டி உண்டாகி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இவர் ஊருக்கு வெளியே கம்பத்தின் மேல். சைக்கிளில் ஒருத்தன் வேகு வேகென்று மிதித்துக்கொண்டு வந்து, கீழே நின்று கத்தினான், "துரைக்கண்ணு! ஆம்பளப் புள்ளடா!" சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினார், அவ்வளவுதான். கீழே அவரைத் தாங்கிப் பிடிக்க ஓடியவர் கஜபதி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையெல்லாம் ரத்தத்தோடு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நல்ல சேதியோ கெட்ட சேதியோ, கம்பத்துல இருக்கிறவன்கிட்ட சொல்லவே கூடாது எல்லு. அவன் எறங்கி, கையுறைய கழட்டி, ஒரு வாய் தண்ணி குட்ச்சப்புறம்தான் சொல்லணும். எனக்கும் அப்டித்தான்."

எல்லம்மாள் அதை முப்பது வருஷம் அப்படியே காப்பாற்றினாள். ஆறு வயசில் பரணி மாமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது தானே தூக்கிக்கொண்டு ஓடிக் கட்டுப் போட்டு வந்தாள். சாயங்காலம் அவர் வந்து தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவரு போட்ட சட்டம் இது. அவரு சாவுக்கு மட்டும் அத மாத்திக்கலாமா?" என்றாள். "இப்ப அங்க எல்லா கம்பமும் சாஞ்சி, எந்தக் கம்பியில கரண்ட் இருக்கு, எதுல இல்லன்னு தெரியாம நிப்பானுங்க. அப்பன் செத்துட்டான்னு தெரிஞ்சவன் கை நடுங்காம நிக்குமா? இல்ல வேலைய வுட்டுட்டு, ரோடெல்லாம் மரம் சாஞ்சி கெடக்கச் சொல்ல, எவன்கிட்டயாவது வண்டிய வாங்கிக்கினு மழையில பறந்து வருவானா? அவன் எதச் செஞ்சாலும் எனக்கு பயம்தான்."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் வந்து என்னக் கேப்பானே அண்ணி. எங்கப்பனுக்கு நீ யாரு கொள்ளி வெக்கன்னு சட்டையப் புட்ச்சிக் கேப்பான்."

"கேக்கட்டும். என்னக் கேக்கச் சொல்லு. அம்மாதான் வாய மூடுன்னு சொன்னான்னு எல்லாரும் என் மேல போட்டுடுங்க. காலம் பூரா எங்கூட பேசாம போனாலும் போவட்டும். எனக்கு அவன் வேணும்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து பரணியின் டூட்டிச் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். துவைத்து, மடித்து, காலர் நைந்து போன காக்கிச் சட்டை. அதை உதறிக் குமரேசனின் தோளில் துண்டு போலப் போட்டாள். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ இல்லையோ, அவளுக்கு அப்படித் தோன்றியது.

"நீ வெக்கல. அவன்தான் வெக்கிறான். போ, போயி குளிச்சிட்டு வா."

சுஜாதா அடுப்படியில் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். எல்லம்மாள் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது மெதுவாகச் சொன்னாள்.

"அத்த, அவரு திட்டுவாருன்னு எனக்குக் கவல இல்ல. போனே எடுக்கலியே. அவருக்கு எதனா…"

"வாய மூடு."

"பயமாகீது அத்த."

எல்லம்மாள் மருமகளின் இரண்டு தோளையும் பிடித்தாள். அடித்துவிடுவாள் போல இருந்தது. "எனக்கு மட்டும் என்னா? அங்க ஒருத்தர் போயி படுத்துகினுகீறாரு. இங்க நாம ரெண்டு பேரும் பயந்து உக்காந்தா யாரு பாக்கறது? மூஞ்சிய கழுவிக்கினு வா. உன் மாமாவ குளிப்பாட்ட எண்ணெய் எடு."

சுஜாதா மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லம்மாள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. செத்தவரின் பெண்டாட்டி தலைவிரி கோலமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நாலு பேர் வந்து கட்டிப் பிடித்து அழ வேண்டும், அதுதான் முறை. இவள் என்னடாவென்றால் வருகிறவர்கள் வாசலில் செருப்பை விடும்போதே நிறுத்தி, "பரணிக்குப் போன் பண்ணினீங்களா? பண்ணாதீங்க. எதுலயும் போட்டோ போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் சரியென்றார்கள். ஒரு பெரியம்மா, "என்னா கல்லு மனசுடி உனக்கு" என்று காதில் விழும்படியே சொன்னாள். எல்லம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனாள். திட்டுகிறவளுக்கு நின்று பதில் சொல்ல அன்றைக்கு நேரம் இல்லை.

பகல் பன்னிரண்டுக்குப் பாடை கட்டியாகிவிட்டது. மேளக்காரர்கள் நாலு பேர் தார்ப்பாய்க்கு அடியில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிய கஜபதியை வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். நிர்மலா நைனா நைனா என்று கத்திக்கொண்டே காலைக் கட்டிக்கொண்டாள். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லம்மாள் கையில் அரிசியோடு குனிந்தபோது சுஜாதா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவன் பெயர்.

எல்லம்மாள் கையை மேலே தூக்கினாள்.

மேளம் நின்றது. ஒரு குச்சி மட்டும் தெரியாமல் ஒரு தடவை தட்டிவிட்டு அதுவும் நின்றது. அழுதவர்களில் பாதிப்பேர் என்னவென்று தெரியாமலே வாயை மூடிக்கொண்டார்கள். நிர்மலாவால் அடக்க முடியவில்லை. குமரேசன் அவளை இழுத்துத் தன் மார்போடு, அந்தக் காக்கிச் சட்டையோடு, அழுத்திக்கொண்டார். தெருவில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஓரமாகச் சொட்டுவதுகூடக் கேட்டது.

எல்லம்மாள் அரிசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போனை வாங்கினாள்.

"பரணி? எப்டிகீறடா?"

"நல்லாகீறம்மா. இப்பதான் டவர் கெடச்சுது."

முருகவேல் ஒரு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"அடி கிடி ஒண்ணும் படலியே?"

"ஒண்ணும் இல்லமா. எல்லாரும் நல்லாகீறோம்." பின்னால் யாரோ இரும்பை இழுக்கிற சத்தம். "நைனா என்னா பண்றாரு?"

எல்லம்மாள் கீழே பார்த்தாள். கஜபதியின் நெற்றியில் வைத்த காசு கொஞ்சம் நழுவியிருந்தது.

"தூங்கறாரு" என்றாள்.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று எல்லம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பரணி?"

"ஆங்மா. தூங்கட்டும். எழுப்பாத."

"எழுப்பல."

"நீ சாப்ட்டியா?"

"ஆங்."

"எதனா ஒரு வாய் சாப்டுமா. சும்மா இருக்காத."

"சரி. நீ எங்ககீற? மேலயா, கீழயா?"

"கீழதாங்கீறேன். ஆஸ்பத்திரிக்குப் போற லைனு. எல்.சி. என் பேர்ல எடுத்துகீறன்."

எல்.சி. என்றால் என்னவென்று எல்லம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பியில் கை வைக்கும் முன் சப்ஸ்டேஷனில் சொல்லிக் கரண்டை நிறுத்தி, ஒருத்தன் தன் பெயரில் எழுதி வாங்குவான். வேலை முடிந்து எல்லாரும் இறங்கியாயிற்று என்று அதே ஆள் திருப்பிச் சொன்னால்தான் மறுபடி கரண்ட் விடுவார்கள். அவனுக்குப் பதிலாக இன்னொருத்தன் சொல்ல முடியாது. மேலே ஏறியிருக்கிற அத்தனை பேர் உயிரும் அந்த ஒரு பெயரில் நிற்கும்.

"அப்ப முடிச்சி திருப்பிக் குடுத்துட்டே வா" என்றாள். "நடுவுல வுட்டுட்டு வராத. இங்க ஒண்ணும் அவசரம் இல்ல."

"ஆங். வெச்சிட்றேன்மா."

போன் நின்றது. அதைச் சுஜாதாவிடம் கொடுத்தாள். சுஜாதா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லம்மாள் அரிசியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து, புருஷனின் வாயில் போட்டாள். நழுவிய காசைச் சரியாக வைத்தாள். பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, "அடிங்கப்பா" என்றாள்.

மேளம் எழுந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. கஜபதியின் மார்பில் தலையைப் போட்டுக்கொண்டு, "உம்புள்ள இருக்கறான்யா, உம்புள்ள நல்லாகீறான்யா, கேட்டுக்கினியா" என்று கதறினாள். கல்லு மனசு என்று சொன்ன பெரியம்மாதான் முதலில் வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே அவளைப் பிரித்து எடுத்துத்தான் பாடையைத் தூக்க வேண்டியிருந்தது. தோளில் மகனின் சட்டையோடு குமரேசன் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் முன்னால் நடந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் பரணி சுஜாதாவிடம் பேசினான். வேலை முடிந்தது, மறுநாள் மெட்ராஸ் வந்து காலை மின்சார ரயிலில் ஏறுகிறேன் என்றான். மற்றது எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பால் தெளிக்கிற நாள். எல்லம்மாள் விடிந்ததும் எழுந்து, "டேசனுக்கு நான் போறேன்" என்றாள். வீடே பதறியது. சாவு விழுந்த வீட்டுக்காரி, அதுவும் இந்த நிலைமையில், மூன்றாம் நாள் தெருவைத் தாண்டுவதா? முருகவேல் தன் வண்டியிலேயே போய் அழைத்து வருகிறேன் என்றான்.

"மாப்ள, அவன் தெருவுல கால் வெச்சதும் இவளுங்க எல்லாம் ஓன்னு கத்திக்கினு மேல வியுவாளுங்க. அப்டி அவனுக்குத் தெரியக் கூடாது. மறைச்சவ நான். நானே சொல்லணும்."

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பரணி, நைனா போய்ட்டாரு. செவ்வாக்கிழம காலைல. கஷ்டப்படல. உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னது நான். சித்தப்பாதான் கொள்ளி வெச்சாரு. ஐந்து வாக்கியம். ஐந்தாவதுக்கு வரும்போதெல்லாம் குரல் பிசகியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடிப்பானா, அழுவானா, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவானா? எதுவானாலும் சரி. கண்ணெதிரே வந்து நின்றால் போதும்.

புயல் போய் வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்குக் கிருத்திகை வேறு. புயலுக்கு அடங்கிக் கிடந்த ஜனம் எல்லாம் சேர்த்துக் கிளம்பியிருந்தது. ரயில் வந்து நின்றதும் காவடியும் மஞ்சள் துணியுமாக அரோகரா போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் அதே ரயிலில் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். நடைமேடை முழுக்கத் தலைகள். எல்லம்மாள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். பரணிக்குச் சுருட்டை முடி, காதுக்கு மேலே புஸ்ஸென்று நிற்கும். அப்பாவைப் போலவே அடர்த்தியான மீசை. அப்படி ஒருத்தனும் இறங்கவில்லை. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இந்த ரயிலில் வரவில்லையோ? வரவில்லையென்றால் ஏன்? நேற்றுப் பேசினவன்தானே?

"அம்மா."

பக்கத்தில் ஒரு மொட்டைத் தலை. சந்தனம் இல்லை. மீசையும் இல்லை. தோளில் பை, பையில் கட்டிய மஞ்சள் ஹெல்மெட். ஒரு நிமிஷம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஐந்து வாக்கியமும் எங்கே போயிற்றோ, ஒன்றுகூட வரவில்லை.

"எப்டிடா?" என்றாள்.

"ஆபீஸ் குரூப்ல போட்டிருந்தாங்கம்மா. டவர் வந்ததும் எல்லாம் மொத்தமா வந்து வியுந்துச்சி. அதப் பாத்துட்டுதான் உனக்கு போன் பண்ணேன்."

முப்பத்தொரு சொந்தக்காரரையும் ஒரு தெருவையும் வாயடைக்க வைத்தவள், நாற்பது வருஷம் சோறு போட்ட ஆபீசை மறந்துபோயிருந்தாள்.

"தெரிஞ்சிகினா நைனாவ பத்தி கேட்ட?"

"ஆங்."

"கேட்டுட்டு அப்புறமும் கம்பத்துல ஏறினியா?"

"ஏறல." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், ரயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எல்.சி. என் பேர்ல கீது, வுட்டுட்டு வர முடியாது. ஏறவும் கூடாது. மத்தவன ஏத்திட்டு நான் கீழ நின்னு கவுறு புட்ச்சிக்கினு இருந்தேன். நேத்து சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எல்.சி. திருப்பிட்டு, அங்கியே முடி வெட்ற கடையில போயி உக்காந்துட்டேன்."

எல்லம்மாள் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள், அவன் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் படிக்கட்டு ஏறி இறங்கி வெளியே வந்தார்கள்.

வெளியே சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், மொட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "கொஞ்சம் சந்தனம் வெச்சிக்க சாமி, குளுகுளுன்னு இருக்கும்" என்று குழைத்த விரலை அவன் தலைக்கு நீட்டினாள்.

எல்லம்மாள் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இது வேண்டுதல் இல்லம்மா."

வெயில் நேரே அடித்தது. பழக்கமில்லாத மண்டையில் வேர்வை முத்து முத்தாகப் பூத்துக் காதோரம் வழிந்தது. எல்லம்மாள் முந்தானையை இழுத்துக் கையை உயர்த்தினாள். எட்டவில்லை. பரணி பையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு எட்டுகிற அளவுக்குக் குனிந்தான்.